தக்காளிக்கு வாங்கிய துணிப் பைகள்: மூன்று பருவம் வளர்த்துப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளி வளர்க்கத் துணி க்ரோ பேக் வாங்கலாமா என்று கேட்டால், 40 லிட்டர் பையைத் தாராளமாக வாங்கலாம் என்பேன். 20 லிட்டர் பையைத் தக்காளிக்கென்று வாங்க வேண்டாம். இரண்டும் ஒரே துணி, ஒரே தையல், ஒரே கைப்பிடிதான். ஆனால் செடி அவற்றில் வாழ்கிற வாழ்க்கை வேறு. மூன்று பருவம் வளர்த்து, ஒவ்வொரு செடியிலும் பறித்த காயை எடை போட்டு நோட்டில் குறித்து வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வாங்கியது மொத்தம் எட்டுப் பைகள். 40 லிட்டரில் நான்கு, 20 லிட்டரில் நான்கு. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் ஏற்கெனவே இருந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் நான்கையும் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டுக்கும் ஒரே மண் கலவை, ஒரே குழித்தட்டில் வளர்ந்த நாற்றுகள், காலையிலிருந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாத வெயில். முதல் இரண்டு பருவமும் உருண்டைத் தக்காளியில் ஒரு கொடி ரகம் போட்டேன். மூன்றாவதில் பாதிக்கு ரோமா என்கிற குட்டை ரகம்.

பைகள் வந்த அன்று அப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அவர் நிலத்தில் தக்காளி போட்டு வளர்த்தவர். "துணிக்குள்ள தண்ணி எப்படிம்மா நிக்கும்?" என்று கேட்டார். அதெல்லாம் நிற்கும் அப்பா, எல்லாரும் இதில்தான் வளர்க்கிறார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். முதல் பருவம் முழுக்க எனக்கு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விக்குள்தான் இருந்தது.

முதலில் பையைப் பற்றி. இது நெய்த துணி இல்லை. பிளாஸ்டிக் இழைகளை அழுத்திச் சேர்த்துக் கம்பளம் மாதிரி ஆக்கியது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். தண்ணீரும் காற்றும் போகும், மண் போகாது. வாங்கும்போது தடிமன் பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று போட்டிருந்த பைகள் மூன்று பருவம் தாங்கி இன்னும் உழைக்கின்றன. இவற்றுக்கு முன்னால் ஒரு முறை எடை எதுவும் குறிப்பிடாத மெல்லிய பைகளை வாங்கியிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரிந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். காய் பிடித்த செடியோடு ஒன்றை நகர்த்தப் போனபோது கைப்பிடி தையலோடு பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. பை சாய்ந்து, இரண்டு கிளை முறிந்தது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, பையை மண்ணோடு தூக்கக் கூடாது என்று பதில் வந்தது. அப்படியானால் கைப்பிடி எதற்கு? இப்போதெல்லாம் கைப்பிடி பையின் அடி வரை ஓடுகிறதா, இல்லை விளிம்பில் மட்டும் ஒட்டித் தைத்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அடி வரை பட்டை ஓடினால் அது நல்ல பை.

துணிப் பைக்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு வேர். இதை நான் விளம்பரத்தில் படித்துத் தெரிந்துகொண்டதோடு விட்டிருப்பேன். பருவ முடிவில் செடிகளைப் பிடுங்கியபோதுதான் கண்ணால் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் தொட்டியின் வடிவத்திலேயே கட்டியாக இறங்கியது. அதைச் சுற்றி வெளுத்த வேர்கள், கயிற்றுப் பந்து சுற்றியது போல, ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. அடியில் அவை பாய் மாதிரி படிந்திருந்தன. கட்டியை இரண்டாகப் பிளந்தால், நடுவில் பெரும்பகுதி வேரே எட்டாத வெறும் மண்.

அடுத்து 40 லிட்டர் துணிப் பை. இதைக் கவிழ்க்க வேண்டியதில்லை, மேல் விளிம்பிலிருந்து காலுறையைக் கழற்றுவது போல உருட்டி இறக்கினாலே போதும். உள்ளே இருந்த மண்ணில் சுற்று வேர் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் மயிர் மாதிரி சல்லிவேர். ஒரு கைப்பிடி மண்ணை நடுவிலிருந்து அள்ளினேன். உதறினால் உதிரவில்லை, வேர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. துணியின் உட்புறத்தில் வேர் நுனிகள் முட்டி நின்ற இடமெல்லாம் பழுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. காரணம் எளிது. வளர்ந்து வருகிற வேர் நுனி துணியைத் தொட்டதும் அங்கே காய்ந்த காற்று இருக்கிறது. நுனி காய்ந்து நின்றுவிடுகிறது. நுனி நின்றதும் அதற்குப் பின்னாலிருந்து புதுக் கிளைவேர்கள் புறப்படுகின்றன. செடியின் தலையைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிப்பதில்லையா, அதே வேலைதான் மண்ணுக்குள்ளும். அப்பா அந்த மண்ணைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நிலத்துல கூட வேரு இப்படிப் பரவலாப் போயி நான் பார்த்தது கம்மி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது அபூர்வம்.

வெப்பத்திலும் துணிக்கு ஒரு நன்மை இருக்கிறது. நல்ல வெயில் நாளில் மதியம் இரண்டு மணிக்கு, ஓரத்து மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் 41 டிகிரி, துணிப் பையில் 34. துணியின் வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பை தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வது போல.

ஆனால் குளிர்வதற்குச் செலவாவது நாம் ஊற்றிய தண்ணீர். அங்கேதான் முதல் பருவத்தில் நான் தோற்றேன்.

பிளாஸ்டிக் தொட்டிக்கு ஊற்றுகிற மாதிரியே காலையில் ஒரு வேளை ஊற்றிக்கொண்டிருந்தேன். செடி சிறிதாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இடுப்பளவு வளர்ந்து, மூன்றாவது பூங்கொத்து வந்த சமயத்தில், 20 லிட்டர் பைகளில் இருந்த நான்கு செடிகளும் மூன்று மணிக்கெல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். சரி, நிமிர்ந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து முதல் காய்கள் எலுமிச்சை அளவைத் தாண்டியபோது, ஒரு காயின் அடிப்பக்கத்தில் தண்ணீர் தேங்கினாற்போல ஒரு சிறு வட்டம் தெரிந்தது. மூன்றாம் நாள் அது பழுப்பு. ஒரு வாரத்தில் கறுத்து, தோல் செருப்பு மாதிரி தட்டையாகி உள்ளே குழிந்துவிட்டது. முதல் கொத்தில் ஐந்து காய், ஐந்திலும் அதே அடி.

இதற்கு நுனி அழுகல் என்று பெயர். பெயரில் அழுகல் இருந்தாலும் இது கிருமியால் வருவதில்லை. காயின் அடிக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால் அங்கே திசு சரிந்துவிடுகிறது. படித்த உடனே நானும் எல்லாரையும் போல முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். ஒரு பலனும் இல்லை. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக் கணக்காகும், அதற்குள் பருவமே முடிந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று எப்சம் உப்பும் கரைத்து ஊற்றினேன். அது மக்னீசியம். வேரில் கால்சியத்தோடு போட்டி போட்டு, இருக்கிற குறையை இன்னும் கூட்டும். அதை ஊற்றிய வாரத்துக் காய்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஊற்றும் முன்னால் ஒரு நாள் நின்று யோசித்திருந்தால் இரண்டாவது கொத்தாவது தப்பியிருக்கும். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

உண்மையில் மண்ணில் கால்சியம் இருந்தது. அதை மேலே தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர்தான் இல்லை. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மட்டுமே மேலே போகும், ஒரு இலையில் இறங்கிவிட்டால் அங்கிருந்து திரும்பி வேறு இடத்துக்குப் போகாது. இலை நிறைய நீரை ஆவியாக்கும், காய் மிகக் கொஞ்சம். ஆகவே தண்ணீர் குறைகிற நேரத்தில் வருகிற கொஞ்சத்தையும் இலைகளே இழுத்துக்கொள்ள, காயின் அடிநுனி பட்டினி கிடக்கிறது. தினமும் மூன்று மணிக்குச் செடி தலை தொங்கியதே, அந்த ஒவ்வொரு மதியமும் காய்க்குள் ஒரு குறையாகப் பதிந்திருக்கிறது. கறுப்பு தெரிகிறபோது காரணம் நடந்து பல நாள் ஆகியிருக்கும். கறுத்த காயைப் பறித்துப் போடுவதைத் தவிர அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. அடுத்து வருகிற காயைத்தான் காப்பாற்ற முடியும்.

இன்னொரு பிழையும் என்னுடையது. கலவையில் பாதிக்கு மேல் தேங்காய்நார்த் தூள், கோகோ பீட், போட்டிருந்தேன். கட்டியை ஊறவைத்து, ஒரே ஒரு தண்ணீரில் பிழிந்து கலந்துவிட்டேன். நார்த்தூளில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியம் வந்தால் அவற்றை விட்டுவிட்டு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் புது நார்த்தூளில் நாம் கொடுக்கிற கால்சியத்தின் முதல் பங்கை அதுவே தின்றுவிடுகிறது. இரண்டாம் பருவத்தில் மூன்று தண்ணீரில் அலசி, கடைசியாகக் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்துவிட்டுப் பயன்படுத்தினேன். அளவையும் குறைத்தேன். நார்த்தூள் மூன்றில் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மீதி தோட்டத்து மண்ணும் கரடுமுரடான மணலும். பை கொஞ்சம் கனத்தது. கனத்தால் நல்லதுதான், காற்றுக்குச் சாயாது.

தண்ணீர் ஊற்றும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. துணிப் பையில் காய்ந்த மண்ணுக்கு வேகமாக ஊற்றினால், தண்ணீர் ஓரத்துக்கு ஓடித் துணி வழியாக வெளியே கசிந்துவிடும். பையின் வெளிப்புறம் நனைந்திருப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம், நடுவில் விரலை விட்டால் பொடி மண். இப்போது இரண்டு தவணையாக ஊற்றுகிறேன். முதலில் ஒரு லிட்டர் மெதுவாக, பத்து நிமிடம் கழித்து மீதி. இரண்டாம் பருவத்தில் 40 லிட்டர் பைகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டேன். ஒரு பைக்கு ஒரு சொட்டுவாய் போதவில்லை. அது விழுந்த இடத்தில் மட்டும் ஈரம் கூம்பு மாதிரி இறங்கியது. தண்டைச் சுற்றி மூன்று வைத்த பிறகுதான் மண் முழுவதும் சீராக நனைந்தது. மேலே நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு. வெயில் நேரே அடிக்கிற பக்கத்தில் பைக்கு வெளியே ஒரு பழைய சாக்கைச் சாய்த்து வைத்தேன். இந்த மூன்றும் சேர்ந்ததில் 40 லிட்டர் பைகளில் தண்ணீர் போதாமல் ஒரு செடியும் ஒரு நாளும் வாடவில்லை.

20 லிட்டர் பைகளுக்கும் இதையெல்லாம் செய்து பார்த்தேன். முழுதாக வளர்ந்த தக்காளிச் செடி வெயில் நாளில் குடிக்கிற தண்ணீரை அந்தக் கொஞ்ச மண்ணால் பிடித்து வைக்க முடியவில்லை. மூன்று வேளை ஊற்ற வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கிற காரியமா? ஒரு நாள் தவறினால் அடுத்த கொத்துக் காயில் அது தெரிந்துவிடும். அதே 20 லிட்டரில் பிளாஸ்டிக் தொட்டிச் செடிகள் ஒரு வேளைத் தண்ணீரில் சமாளித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்ன அளவுதான் வாங்க முடியும் என்றால் தொட்டியே மேல்.

அப்பாவிடமிருந்து ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டது. அவர் தினமும் காலையில் ஒவ்வொரு பையின் கைப்பிடியையும் பிடித்து ஒரு பக்கமாக லேசாகத் தூக்கிப் பார்ப்பார். "இது நேத்து விட லேசா இருக்கு, இதுக்கு முதல்ல ஊத்தும்மா" என்பார். மண் மேலே காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதை விட இது நம்பகமானது. தொட்டியை இப்படித் தூக்கிப் பார்க்க வராது. கைப்பிடியின் உண்மையான பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நடுவதில் துணிப் பைக்கு ஒரு வசதி உண்டு, இதை யாரும் பெரிதாகச் சொல்லக் காணோம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அந்த இடத்திலெல்லாம் வேர் விடும். தண்டில் மெல்லிய மயிர்களுக்கு நடுவே சிறு முண்டுகள் தெரியும், ஈரம் பட்டால் அவை வேராகும். அதனால் நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நட வேண்டும். துணிப் பையில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். விளிம்பைப் பாதி உயரத்துக்கு மடித்துவிட்டு, பாதி மண்ணில் நாற்றை நடுங்கள். வெயிலும் காற்றும் சின்னச் செடிக்கு நன்றாகப் படும், விளிம்பின் நிழல் விழாது. செடி உயர உயர, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மண் நிரப்பிக்கொண்டே வாருங்கள். நான் மூன்று தவணையில் நிரப்பினேன். கடைசியில் பிடுங்கியபோது மண்ணுக்குள் இருந்த தண்டு முழுக்க வேர் அடர்ந்திருந்தது. விறைப்பான தொட்டியில் இது இவ்வளவு சுலபமாக வராது.

குச்சி நடுவதில் பை கைவிடுகிறது. பக்கச் சுவர் விறைப்பாக இல்லாததால் குச்சி பிடிமானம் இல்லாமல் ஆடும். கொடி ரகம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, காயோடு கனக்கும்போது குச்சியும் செடியும் பையும் சேர்ந்து சாயும். ஒரு இரவு காற்றில் இரண்டு பைகள் விழுந்தன. அதற்கப்புறம் மேலே ஒரு கம்பி கட்டி, அதிலிருந்து கயிறு தொங்கவிட்டு, செடியை அதில் சுற்றி ஏற்றுகிறேன். பக்கத் தளிர்களை, இலைக்கும் தண்டுக்கும் நடுவில் முளைப்பவை, விரல் நீளம் ஆவதற்குள் கிள்ளிவிட்டு ஒரே தண்டாகவோ இரண்டு தண்டாகவோ விடுகிறேன். மேலே கட்ட இடமில்லாதவர்கள் ரோமா மாதிரி குட்டை ரகம் போட்டால் நிம்மதி. அவற்றில் பக்கத் தளிரைக் கிள்ளக் கூடாது. ஓர் உயரத்தில் நின்றுவிடுகிற செடி, கிள்ளினால் காய்தான் குறையும்.

பூ கொட்டுவதற்குப் பையைக் குறை சொல்பவர்களைப் பார்க்கிறேன். பைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் கெட்டுவிடும், காம்பின் முட்டியில் மஞ்சளாகிப் பூ உதிரும். அந்த வாரங்களில் உரத்தைக் கூட்டாமல், தண்ணீரை விடாமல், நண்பகலில் நிழல் வலை கட்டிப் பொறுத்திருப்பதுதான் நான் கண்ட வழி. மற்ற நாட்களில் செடியை முற்பகலில் ஒரு தட்டுத் தட்டினால் காய்ப்பிடிப்பு நன்றாகக் கூடுகிறது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. மகரந்தப் பை ஒரு குழாய் மாதிரி மூடியிருக்கும், அதிர்ந்தால்தான் பொடி உதிரும். காட்டுத் தேனீக்களில் சில பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து இதைச் செய்யும். தேனீ வராத மாடியில் நான் பேட்டரியில் ஓடுகிற பழைய பல் துலக்கியைப் பூங்காம்பின் பின்னால் இரண்டு நொடி வைக்கிறேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மஞ்சள் தூள் புகை மாதிரி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாக. துணிப் பையில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுவதால் சத்தும் அடிக்கடி கழுவிக்கொண்டு போகும். நடும்போது போட்ட மக்கிய உரம் முதல் பூ வரை தாங்கியது, அதன்பின் பத்து நாளுக்கு ஒரு முறை கரைசலாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தேன். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகமானால் செடி பசேலென்று கொழுத்து நிற்கும், பூ வராது, நுனி அழுகலும் கூடும். பூத்த பிறகு சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், அதிகமுள்ள கலவைக்கு மாறிவிடுங்கள். பையின் வெளியே வெள்ளையாக உப்புப் படியும். அது பூஞ்சை என்று பயந்துவிட வேண்டாம். துணி வழியாக நீர் ஆவியாகி, கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. அதிகமாகத் தெரிந்தால் ஒரு நாள் உரமில்லாத நல்ல தண்ணீரை அடியில் வழிகிற வரை ஊற்றிக் கழுவிவிடலாம்.

நோய் விஷயத்தில் பைகள் என்னை ஒரு முறை காப்பாற்றின. இரண்டாம் பருவத்தில் ஒரு செடி, இலை ஒன்றுகூட மஞ்சளாகாமல், பச்சையாகவே ஒரே நாளில் துவண்டது. மண் ஈரமாகத்தான் இருந்தது. மாலையிலும் நிமிரவில்லை, மறுநாளும் நிமிரவில்லை. அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடித்தேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி மெல்லிய நூல் ஒன்று தண்ணீரில் இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். நிலத்தில் வந்திருந்தால் பாய்கிற தண்ணீரோடு வரிசை முழுக்கப் போயிருக்கும். இங்கே ஒரு பையோடு நின்றது. செடி, மண், பை மூன்றையும் சேர்த்து அப்புறப்படுத்தினேன். நல்ல பைதான், கழுவி வைத்துக்கொள்ளலாமா என்று ஆசையாக இருந்தது. ஆனால் துணியின் இழைகளுக்குள் மண் புகுந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. பிளாஸ்டிக் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கிருமி நீக்கலாம், துணியை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பூஞ்சையால் வரும் வாடலுக்கும், வேரைத் தாக்குகிற நூற்புழுவுக்கும் விதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் ரகத்தின் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் இருக்கும். வி என்றால் வெர்டிசிலியம் வாடல், எஃப் என்றால் ஃபுசேரியம் வாடல், என் என்றால் நூற்புழு, இவற்றைத் தாங்கும் ரகம் என்று பொருள்.

இலைச் சுருட்டு வைரஸுக்குப் பை ஒன்றும் செய்யாது. அது வெள்ளை ஈ கொண்டு வருவது. இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு, வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலை நேரத்தில் அடித்து வந்தேன். சுருண்டு குட்டையாகிவிட்ட செடி தேறாது, அதைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துச் செடிகள் பிழைக்கும்.

சரி, காய். இரண்டாம் பருவத்தில், தண்ணீர் முறையைத் திருத்திய பிறகு, என் நோட்டில் உள்ள கணக்கு இது. 40 லிட்டர் பையில் பிழைத்த மூன்று செடிகளில் சராசரியாக ஒரு செடிக்கு 4 கிலோ 300 கிராம். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் 2 கிலோ 400. 20 லிட்டர் துணிப் பையில் 1 கிலோ 900, அதிலும் ஐந்தில் ஒரு காய் அடி கறுத்து வீணானது. மண்ணின் அளவு இருமடங்கானால் காயும் கூடத்தான் செய்யும், ஆகவே முழுப் பெருமையையும் துணிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை மண்ணோடு ஒருவர் மாடியில் நகர்த்திப் பார்க்கட்டும். இந்தப் பையை அப்பாவும் நானும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்து மழைக்கு ஒதுக்கிவிடுகிறோம். பருவம் முடிந்தால் மடித்து ஓர் அலமாரித் தட்டில் அடக்கிவிடலாம்.

குறை என்று இன்னும் இரண்டு. தரையில் நேராக வைத்தால் அடியில் கசிகிற நீரால் வட்டமாகக் கறை பிடிக்கும், பாசியும் ஏறும். செங்கல் மேலோ மரச் சட்டத்தின் மேலோ வையுங்கள், அடியிலும் காற்று போனால்தான் அடி வேர் சுற்றாமல் இருக்கும். இரண்டாவது, வெயிலில் துணி நாள்பட நாள்படப் பொலபொலத்துப் போகும். மூன்றாம் பருவத்தில் என் பைகளின் விளிம்பு நிறம் வெளுத்து, நகத்தால் கீறினால் இழை பிரிகிறது. இன்னும் ஒரு பருவம் ஓடும் என்று நினைக்கிறேன். மேல் விளிம்பை ஒரு மடிப்பு வெளிப்பக்கமாக மடித்து வைத்தால் அந்த இடம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது.

இப்போது 40 லிட்டர் பைகள் மூன்றையும் காலி செய்து, உதறி, வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். அதே மண்ணில் உடனே தக்காளியோ அதன் இனமான மிளகாய், கத்தரியோ போடாமல், பயறு வகை ஒன்றைப் போட்டு எடுத்துவிட்டுத்தான் மறுபடி தக்காளி. 20 லிட்டர் பைகளில் கீரை விதைத்துவிட்டேன், அதற்கு அந்த அளவு தாராளம். புதிதாக நான்கு 40 லிட்டர் பைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அப்பா முதலில் கைப்பிடித் தையலைத்தான் இழுத்துப் பார்ப்பார்.